மணம் எட்டிய வீடுகள்

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது புரூட் சலட் கிடைக்கவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அன்றைக்குக் காற்று அந்தப் பக்கம் வீசவில்லை. மற்றது, அந்த ஆள் ஸைனம்பு ராத்தா.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்முனைக்குடியில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. மேல் பக்கத்தில் ஸம்ஸியா ராத்தாவின் வீடு. அதை ஒட்டி, நடுவில் ஒரு மதிலோடு, அவருடைய கூடப்பிறந்த மூத்தவர் ஸைனம்பு ராத்தாவின் வீடு. (எங்களுக்கு அக்கா ராத்தா, அண்ணன் காக்கா.) பிறகு நாலைந்து வீடு தள்ளி, கடைசியில் என் மனைவி முஸ்பிறாவின் வீடு. என் வீடு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை வந்து ஒட்டிக்கொள்பவன். நான் ஒலுவிலில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டவன். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு அங்கால் வீடு கிடையாது. மணல், இழுத்துப் போட்ட தோணிகள், மீன்பிடிக்காரர் தங்கும் வாடி ஒன்று, அப்புறம் கடல்.

ஸம்ஸியா ராத்தா கல்யாண வீடுகளுக்குப் புரூட் சலட் செய்து கொடுப்பவர். ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து புரியாணியை வெட்டி முடித்த பிறகு வரும் இனிப்பு அது. இப்போதெல்லாம் பல இடங்களில் கஸ்டர்ட் மாவைக் கரைத்து மஞ்சளாக எதையோ காய்ச்சி, அதில் நாலு பழத்தை வெட்டிப் போட்டுப் புரூட் சலட் என்கிறார்கள். நானும் தின்றிருக்கிறேன். அதை வைத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டலாம்.

ஸம்ஸியா ராத்தாவின் வேலை வேறு மாதிரி. சொறிக்கல்முனைப் பக்கமிருந்து செல்லத்தம்பி அண்ணன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கும் எருமைப்பாலைக் கிடாரத்தில் ஊற்றி, ரம்பை இலையும் நசுக்கிய ஏலமும் போட்டு, பாதியாக வற்றும் வரைக்கும் விறகடுப்பில் கிண்டிக்கொண்டே இருப்பார். பச்சை அன்னாசி பாலில் பட்டால் கசந்துவிடும் என்பதால் அதைச் சீனிப்பாகில் தனியாக வேகவைப்பார். பால் ஆறியதும் அன்னாசி, மாம்பழம், பப்பாசி, நெய்யில் பொரித்த முந்திரிக் கஜு, பிளம்ஸ் எல்லாம் உள்ளே போகும். கதலிப்பழம் கறுத்துவிடக் கூடாது என்று அதைக் கடைசிக்குத் தள்ளி, அதற்கும் பிறகு பன்னீர் தெளிப்பார்.

தின்பது பிறகு. அதன் மணம்தான் முதல் விருந்து. பால் வற்ற வற்ற ஒரு மணம் எழும்பும், கனமாக, நிதானமாக. பாகு கொதிக்கும்போது அன்னாசியின் மணம் கொஞ்சம் புளிப்போடு அவசரமாக ஓடிவந்து அதோடு சேரும். இரண்டும் ஏலத்தோடு கலந்து ஒழுங்கையில் இறங்கும் நேரத்தில் நான் பகல் சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வந்துகொண்டிருப்பேன். கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை எனக்கு. ஒழுங்கை முனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பேன். ஏறி மிதித்தால் மணம் சீக்கிரம் முடிந்துவிடும்.

இனி ஸம்ஸியா ராத்தாவின் பைத்தியத்துக்கு வருகிறேன். பைத்தியம் என்று நான் சொல்வது மரியாதையோடுதான்.

எப்போதோ ஒரு பயானில், உன் சட்டியின் மணத்தால் அண்டை வீட்டாரைச் சங்கடப்படுத்தாதே, மணம் அவருக்குப் போனால் அவருக்கும் அள்ளிக் கொடு என்று மௌலவி சொல்லியிருக்கிறார். ஊரே கேட்டது. ஊரே ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தது. ஸம்ஸியா ராத்தா மட்டும் எழும்பி அளக்கத் தொடங்கினார். மணம் போன வீட்டுக்கு அதில் ஹக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. ஹக்கு என்றால் உரிமை. அவர்கள் கேட்கத் தேவையில்லை, கொடுக்காவிட்டால் இவர் தலையில் குற்றம்.

ஆகவே பால் வற்றி இறக்கும் பருவம் வந்ததும் அகப்பையைப் புருஷன் இப்றாஹிம் காக்காவின் கையில் கொடுப்பார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்குவார். ஒவ்வொரு வீட்டுக் கடப்படியிலும் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பார். மணம் எந்த வீட்டில் முடிகிறதோ அதுவரைக்கும் அன்றைக்குக் கிண்ணம் போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணம் கடல் பக்கம் இறங்கி எங்கள் வீட்டையும் தாண்டி வாடிவரை போய்விடும். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கும் மனிசருக்கெல்லாம் கிண்ணம் வரும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் அதிர்ஷ்டம் போச்சு. மணம் மேலே ஏறிப் பெரிய றோட்டுக்காரரிடம் போய்விடும். அந்த மாதங்களில் நான் அவர்களோடு முகம் கொடுத்துக் கதைப்பது குறைவு.

ஒழுங்கையின் நடுவில் அப்துல் கபூர் காக்கா இருக்கிறார், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காற்றில்லாத நாட்களில் மணம் அவர் வீட்டுக்கு ஒரு வீடு முன்னாலேயே நின்றுவிடும். மனிசன் விடுவாரா? கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியோரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஸம்ஸியா, இஞ்ச வருகுது, நல்லா வருகுது!"

ஸம்ஸியா ராத்தா பக்கத்தில் போய் நின்று மோந்து பார்ப்பார். "காக்கா, இது உங்கட வீட்டு மீன் பொரியல்."

"அதுக்குப் பின்னால மெல்லிசா வருகுது, வடிவா மோந்து பாருங்க."

அவருக்கும் கிண்ணம் போய்விடும். "ஆசப்பட்ட மூக்கும் மூக்குத்தானே" என்பார் ராத்தா.

இப்றாஹிம் காக்கா சாது. அவர் ஒரே ஒருமுறை, "கிடாரத்துக்கு மூடி போட்டுக் காச்சினா என்னகா?" என்று கேட்டுப் பார்த்தார். பால் பொங்கி வழியும் என்று பதில் வந்தது. கத்தாரில் இருக்கும் மகன், புகை போக்கி வைத்த புதுக் குசினி கட்டித் தருகிறேன் என்றான். "மணம் மேல போனா ஹக்க யாருக்குக் குடுக்குற, காக்கைக்கா?" என்று அவனையும் அடக்கிவிட்டார். நானும் ஒரு வியாபாரிதான். திருத்தக் கொண்டுவரும் போனுக்கு ஓசியில் ஒரு கவர் கொடுக்க என் கை வராது. ஓடருக்குக் காய்ச்சும் கிடாரத்தில் ஊருக்கும் சேர்த்துக் கூடப் பால் ஊற்றும் அந்த மனிசியை நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், பல நாள் வெட்கம் வரும்.

எல்லா வீட்டுக்கும் போன கிண்ணம் ஒரு வீட்டிலிருந்து மட்டும் அப்படியே திரும்பி வரும். அதுவும் முதல் வீட்டிலிருந்து.

உம்மாவின் வளவு இரண்டு மகள்மாருக்கும் பாதி பாதியாகப் பிரிந்தபோது, எல்லையில் நின்ற பெரிய மாமரம் ஸைனம்பு ராத்தாவின் பாதிக்குள் விழுந்தது. அந்த மரத்துப் பழத்தைத்தான் ஸம்ஸியா ராத்தா கிடாரத்தில் போடுவார். ஸைனம்பு ராத்தாவுக்கு ஒரே மகள், அம்ஹா. மகளைக் கட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் அவளுக்கு வீடு வேண்டும். வீடு கட்ட இடம் வேண்டும். மரத்தை வெட்டினார்கள். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, எங்கள் ஊரில் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆனால் மரம் விழுந்த அன்றைக்கு ஸம்ஸியா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இந்த மரத்த வெட்டிக் கட்டுற ஊட்டுல நிழல் தங்காது" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் வந்த சொல். அடுத்த நாளே அதற்காக அழுதார். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளையின் புது வீட்டைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஸைனம்பு ராத்தா அன்றைக்கு வாயை மூடியவர்தான். நாலு வருஷமாகத் தங்கையோடு ஒரு வார்த்தை இல்லை.

கிண்ணம் மட்டும் விடாமல் போகும். இப்றாஹிம் காக்கா கொண்டுபோவார். ஸைனம்பு ராத்தா கதவைப் பாதி திறந்து சொல்வார்: "எங்கட ஊட்டுக்கு மணம் வரல்ல."

கடற்கரை வாடிக்கு வருகிற மணம், ஒரு மதிலுக்கு அங்கால் வரவில்லையாம். இப்றாஹிம் காக்கா கிண்ணத்தோடு திரும்பி நடந்து வருவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஸம்ஸியா ராத்தா இதைப் பள்ளிவாசல் மௌலவியிடமே கேட்டனுப்பினார். நீங்கள் கொடுத்தீர்கள், அவர் மறுத்தார், உங்கள் கடமை தீர்ந்தது என்று அவர் சொன்னார். அந்தப் பதில் ராத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "குடுத்தா முடிஞ்சிதா? அவ தின்னணும்" என்றார். ஹக்கு, குற்றம் என்று அவர் ஆயிரம் கதைக்கட்டும். அந்த மனிசிக்கு வேண்டியிருந்தது தன் கூடப்பிறந்த ராத்தா ஒரு வாய் தின்பது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கல்யாணங்கள் தொடங்கின. கச்சானும் தொடங்கியது. ஸம்ஸியா ராத்தாவின் அடுப்பு ஆறவே இல்லை. அப்போதுதான் ஸைனம்பு ராத்தா வீட்டில் ஒரு புதுமை நடந்தது. பால் கிடாரம் ஏறுகிற நாளெல்லாம் அந்த வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். கதவிடுக்கில் பழைய துணி செருகப்படும். கச்சான் வெக்கையில், நாய்கூட நிழல் தேடி ஓடுகிற நேரத்தில், ஒரு வீடு இறுக மூடிக் கிடக்கும்.

காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் முஸ்பிறாவுக்குத் தெரியும். அம்ஹாவுக்குக் கல்யாணமும் முடிந்து, இப்போது மாதம் மூன்று. முதலில் ஒன்று தங்காமல் போய், நீண்ட நாள் கழித்து வந்திருக்கும் கரு. அவளுக்கு வாயில் வைத்தது வயிற்றில் நிற்கவில்லை. மற்ற மணங்களைக்கூடத் தாங்கிக்கொள்கிறாள். அந்தப் பால் மணம் வந்துவிட்டால் குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்காளிக்கிறாள். சேலைன் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனபோது துணைக்குப் போனவள் முஸ்பிறா. இப்படியே போனால் கரு தங்குவது கஷ்டம், சாப்பாடு உள்ளே போகவேண்டும் என்று டொக்டர் சொன்னதையும் கேட்டவள் அவள்தான்.

"மணத்த நிப்பாட்டச் சொல்லி ஸம்ஸியா ராத்தாட்ட ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சிதே" என்றேன்.

"எப்படிச் சொல்லுற? நாலு வருசமா மணம் வரல்ல எண்டு சொல்லிட்டு இரிக்கிறவ, இப்ப மணம் வருகுது எண்டு எந்த வாயால சொல்லுற?"

"அப்ப நீ சொல்லு."

"அம்ஹாக்குப் புள்ள இரிக்கிறது வெளிய தெரியப்படா எண்டு ஸைனம்பு ராத்தா என்னட்டச் சத்தியம் வாங்கிரிக்கா. அதுவும் தங்கச்சிர ஊட்டுல தெரியவே படாதாம். மரம் வெட்டினண்டைக்கு ஒருக்காப் பட்ட சொல்லு போதுமாம்."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு பிள்ளை உள்ளே வெந்துகொண்டிருக்கிறாள், இவர்கள் சொன்ன சொல்லையும் சொல்லாத சொல்லையும் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நானோ வந்து ஒட்டிக்கொண்டவன். முஸ்பிறா செய்த சத்தியத்தை உடைத்தால் எனக்கு ஒலுவிலில்கூட இடம் கிடைக்காது, அங்கே எங்கள் பழைய வளவைக் கடல் பாதி தின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை. மருதமுனையில் ஒரு வலிமா விருந்துக்கு ஸம்ஸியா ராத்தா கிடாரம் ஏற்றியிருந்தார். மகனோடு கதைக்கும்போது போன் அறுந்து அறுந்து போகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். குசினி வாசற்படியில் உட்கார்ந்து அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் முக்கால்வாசிக்கு வந்திருந்தது. மணம் மதிலைத் தாண்டி அள்ளிக்கொண்டு போனது. அங்கே யன்னல் ஒன்று படார் என்று சாத்தப்பட்டது.

"கேட்டீங்களா ஒலுவில் மாப்பிள்ள?" என்றார் ராத்தா, அகப்பையை நிறுத்தாமல். "இந்த வெக்கையில சாத்துறா. முந்தி மணம் வரல்ல எண்டு திருப்பி அனுப்பினா, அத நான் தாங்கின. இப்ப மூக்கப் பொத்துறா. என்ட கையால செய்யிறது அவக்கு அவ்வளவு அருவருப்பா, நஜீஸாப் போச்சா?"

என் வாயில் எல்லாம் வந்து நின்றது. போனின் சின்ன ஆணி ஒன்று கையிலிருந்து விழுந்து எங்கோ போனது. குனிந்து அதைத் தேடுகிற சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது கடப்படியில் ஸைனம்பு ராத்தா நின்றார்.

முக்காடு சரியாகப் போடவில்லை. காலில் செருப்பில்லை. நாலு வருஷமாக மிதிக்காத வளவுக்குள் நேரே நடந்து வந்து, குசினி வாசலில் என்னையும் தாண்டி நின்றார்.

"ஸம்ஸியா."

அகப்பை நின்றது.

"மணம் வருகுது" என்றார் ஸைனம்பு ராத்தா.

ஸம்ஸியா ராத்தா விளங்காமல் அவரையே பார்த்தார். இத்தனை நாளும் கேட்கத் துடித்த சொல், இப்படி ஒரு முகத்தோடு வரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

"மணம் வருகுது புள்ள. அம்ஹாக்கு மூணு மாசம். பச்சத்தண்ணிகூட வயித்துல நிக்குதில்ல. இந்த மணம் வந்தா ஒழும்பவும் ஏலாமக் கிடக்கா. இந்தப் புள்ளையும் போயிரும் போல இரிக்குகா."

ஸம்ஸியா ராத்தா அகப்பையைப் போட்டார். குனிந்து எரிகிற கொள்ளிகளை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தார். குடத்துத் தண்ணீரை அவற்றின் மேல் கொட்டினார். புகையும் சாம்பலுமாகக் குசினி நிறைந்தது. அந்த வலிமா, அந்த ஓடர், நாளைக்குப் பந்தியில் உட்காரப் போகும் சனம், எதுவும் அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் இல்லை. அவர் பைத்தியத்தை நான் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கிக்கொண்டேன். அண்டை வீட்டை நோகவைக்காதே என்று கேட்டதை அந்த மனிசி உண்மையாகவே கேட்டிருந்தார்.

"தம்பி, உங்கட வளவுல அடுப்பு மூட்டலாமா?"

"கடல் பக்கம் மூணு கல்லு வச்சிரலாம் ராத்தா. காத்து வெளியால போகும்."

ஸம்ஸியா ராத்தா கிடாரத்தின் ஒரு காதைத் துணியால் பிடித்தார். மறு காதைப் பிடிக்க நான் கை நீட்டினேன். ஸைனம்பு ராத்தா என்னைத் தள்ளிவிட்டார். "நீங்க விறகத் தூக்குங்க."

இரண்டு பேரும் தூக்கினார்கள். ஐம்பது தாண்டிய இரண்டு பெண்கள், கொதிக்கும் பால் கிடாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, ஒழுங்கை முழுக்க நடந்தார்கள். நான் விறகுக்கட்டோடு பின்னால் போனேன். கதிரையில் இருந்த அப்துல் கபூர் காக்கா எழுந்து நின்றுவிட்டார். அந்த மனிசன் ஒரு சொல்லும் பேசாமல் இருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். "மெல்ல" என்றார் முன்னால் நடந்த இருவரில் ஒருவர். "பள்ளம், பாத்து" என்றார் மற்றவர்.

முஸ்பிறா ஓடிவந்து கல் வைத்தாள். கிடாரத்தை இறக்கினார்கள். நெருப்புப் பிடித்ததும் மணம் எழும்பி, வாடியைத் தாண்டிக் கடலுக்குப் போனது. இனிக் குழந்தை பிறக்கும்வரை தன் அடுப்பு இங்கேதான் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டார் ஸம்ஸியா ராத்தா. எங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

பிறகு மூச்சு வாங்க அகப்பையை எடுத்துக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு நாளா ராத்தா மணம் வருகுது?"

பிள்ளை எத்தனை நாளாகக் கஷ்டப்பட்டாள் என்றுதான் அவர் கேட்டார். ஸைனம்பு ராத்தா மணலில் உட்கார்ந்து, சூடு பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கிடாரத்தையே பார்த்தார்.

"நாலு வருசமா."

ஸம்ஸியா ராத்தாவின் கை நின்றுவிட்டது. "நான் அண்டைக்கு மதிலால சொன்ன அந்தச் சொல்லு, ராத்தா..."

"பால் அடிப்பிடிக்கப் போகுது. கிண்டு."

கிண்டினார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. முஸ்பிறா உள்ளே போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து நீட்டினாள். ஸம்ஸியா ராத்தா அதில் ஒரு அகப்பை ஊற்றித் தமக்கையிடம் கொண்டுபோனார்.

"இன்னம் பழம் போடல்ல. பன்னீரும் இல்ல."

"பறவாயில்ல, தா."

ஸைனம்பு ராத்தா ஊதி ஊதிக் குடித்தார். ஸம்ஸியா ராத்தா அடுப்பை மறந்து, அவர் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலை நான்தான் ஓடிப்போய்க் கிண்டினேன். கிண்ணம் காலியானதும் ஸைனம்பு ராத்தா அதைக் கீழே வைக்கவில்லை. தங்கையின் பக்கம் மறுபடியும் நீட்டினார்.